அறை வாடகையும் சொல்லின் விலையும்

"நீங்கள் வீட்டிலிருந்துதானே செய்கிறீர்கள் மேடம், ஆபீஸ் செலவென்று எதுவும் கிடையாது. சொல்லுக்கு ஒரு இருபத்தைந்து காசு குறைத்துக்கொள்ளுங்களேன்." கேட்ட வாடிக்கையாளர் கெட்டவர் இல்லை. முடித்துக் கொடுத்த வேலைக்குத் தேதி தவறாமல் பணம் அனுப்புகிறவர்; சொல்லுக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பும் விளம்பர வாசகமும் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்கள் ஒருவருக்குத் தரக்கூடிய நற்சான்றிதழில் இதைவிடப் பெரியது கிடையாது. கேட்ட விதத்திலும் அதிகாரம் இல்லை. காய்கறி வாங்கி முடித்ததும் கொஞ்சம் கொத்தமல்லி கேட்போமே, அந்த உரிமையோடுதான் கேட்டார். "பார்த்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டு நகரவில்லை. அடுப்படியில் நிற்கும்போதும், பையனுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும்போதும் திரும்பத் திரும்ப வந்தது. ஆபீஸ் செலவு கிடையாது என்பதை அவர் இம்மியும் சந்தேகமில்லாமல் சொன்னார். அதை மறுக்க என் கையில் ஒரு கணக்கும் இல்லை. உறுத்தியது அதுதான்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது வேறு மாதிரியான கேள்விகள். என்ன மேசை, எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு உட்காருவது, கவனம் சிதறாமல் இருக்க என்ன செய்வது. வீட்டிலேயே அலுவலகம் அமைக்கச் சொல்லித்தரும் குறிப்புகளில் வெள்ளைச் சுவர் இருக்கும், தொட்டிச் செடி இருக்கும், பெரிய சன்னல் கட்டாயம் இருக்கும். எழுதியவரை அழைத்துவந்து, மதுரையில் மேற்குப் பார்த்த சன்னலுக்கு முன்னால் மே மாதம் மூன்று மணிக்கு உட்கார வைக்க எனக்கு ஆசை. செடியையும் உடன் வைக்கலாம். யார் முதலில் வாடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

எட்டுக்கு ஒன்பது

என் அறை எட்டடிக்கு ஒன்பதடி. முன்பு அண்டாக்களும் கொலு பொம்மைப் பெட்டியும் யாரும் சாயாத ஒரு சாய்வு நாற்காலியும் கிடந்த சாமான் அறை. வாடகை வீடு, முதல் மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி. பங்குனி முடிந்துவிட்டால், பகல் முழுவதும் வாங்கிய சூட்டைத் தளம் இரவு வெகுநேரம் வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு, என் செலவில், மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தேன். கொஞ்சம் குறைந்தது. ஏசி போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் இந்த ஊர் மின்கட்டணத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளோடு விஷயம் முடியாது; அதற்குக் கீழே எரித்த யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே கோடையில் என் அலுவலக நேரத்தை வெயில்தான் நிர்ணயிக்கிறது. விடியற்காலை நாலரைக்கு உட்கார்ந்தால் ஒன்பது வரை, பிறகு மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் பில் அனுப்புவது, பாக்கி கேட்டுக் கடிதம் எழுதுவது. அவற்றுக்கு மூளை அதிகம் வேண்டாம். மானத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கத் தெரிந்தால் போதும்.

மேசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடையில் கிடைக்கும் எழுதுமேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். நான் ஐந்தடி ஓரங்குலம். அந்த உயரத்தில் தட்டச்சு செய்தால் இரண்டு தோளும் நாள் முழுவதும் காதை நோக்கித் தூக்கியபடியே இருக்கும். சாயங்காலம் தலைவலி எங்கிருந்து வந்தது என்று தைலத்தைத் தேடிக்கொண்டிருப்போம். தச்சரை அழைத்து நான்கு கால்களிலும் இரண்டரை அங்குலம் அறுக்கச் சொன்னேன். "நல்ல மேசையைக் கெடுக்கிறீர்களே அம்மா" என்று வருந்திக்கொண்டே அறுத்தார். இந்த அறைக்காக நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கழுத்துக்காக உயர்த்தினால் கை வலிக்கும், கைக்காக இறக்கினால் கழுத்து வலிக்கும். அதனால் கணினி இரண்டு தடித்த அகராதிகளின் மேல் ஏறி நிற்க, தனி விசைப்பலகை ஒன்று கீழே கிடக்கிறது. அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தால் அலுவலகத்தையே இறக்கி வைக்க வேண்டும். மற்றபடி குறையில்லை.

விசைப்பலகை என்றதும் இன்னொன்று. நாற்காலிக்குப் பத்தாயிரம் செலவழிக்கத் தயாராக இருக்கும் இளைஞர்கள், காசில்லாமல் கிடைக்கும் ஒன்றைத் தொடுவதில்லை. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முறையைத்தான் சொல்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ஆங்கில எழுத்துகளின் வழியாகச் சுற்றிவந்து 'வணக்கம்' என்று அடிக்க எட்டு விசை வேண்டும். இதில் ஆறு போதும். ஒரு சொல்லில் இரண்டு விசை என்பது சின்னதாகத் தெரியலாம். நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருக்கிறவரின் மணிக்கட்டிடம் கேட்டால் வேறு பதில் வரும். முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு விரல் தானாகப் போகும்.

மின்தடைக்கு இன்வெர்ட்டர், ரவுட்டருக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி யுபிஎஸ். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளைப் பத்திரிகையில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். அன்று புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். 2023 ஜூலையில் திறந்த கட்டடம். குளிர்ச்சி உண்டு, காசில்லை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் வெட்கத்திலாவது வேலை ஓடும். வாடிக்கையாளர் போன் செய்தால் மட்டும் படிக்கட்டுக்கு ஓட வேண்டும்.

தறி இருந்த வீடு

நான் பிறந்து வளர்ந்தது பரமக்குடியை ஒட்டிய எமனேஸ்வரத்தில். எங்களுடையது நெசவாளர் குடும்பம் இல்லை, ஆனால் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாமே தறி வீடுகள். கூடத்தின் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில்தான் சாப்பாடு, தூக்கம், கல்யாணப் பேச்சு, குழந்தைக்குக் காய்ச்சல் எல்லாம். குழிக்குள் காலை விட்டு அந்த வீட்டு மாமா உட்கார்ந்துவிட்டால், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா போய்வரும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை அவரை யாரும் கடைக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று யாரும் அவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் நின்றால்தான் அத்தை உள்ளேயிருந்து எட்டிப்பார்ப்பார்: நூல் அறுந்ததா, காபி வேண்டுமா?

எழுத்து வேலையில் சத்தம் இல்லை என்பது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று இந்த அறைக்குள் வந்த பிறகுதான் புரிந்தது. விசைப்பலகை தட்டப்படும் நேரம் வேலையின் பாதிகூட இல்லை. மீதி நேரம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சோப்பு விளம்பரத்தின் ஒற்றை வரி தமிழில் உட்கார மறுக்கும்போது கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வேலையின் உச்சம் என்று எப்படித் தெரியும்? கேஸ் சிலிண்டர் வருகிறது, கூரியர் வருகிறது, கீழ் வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்டு வருகிறார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் சரியாக அந்த வரி வரப்போகும் நேரத்தில் வருகிறார்கள். ஆகவே மேசையும் அகராதியும் அறைக் கதவும் எனக்காக மட்டும் இருப்பவை இல்லை என்று நினைத்துக்கொள்வேன். பாதி அவர்களுக்காக. இங்கே ஏதோ நடக்கிறது என்று அறிவிக்கும் பலகை.

ஆனால் தறி வீட்டில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சின்ன வயதில் நான் கவனிக்கவில்லை. நூலைக் கொடுத்து வேலை வாங்கும் முதலாளி சேலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். தறி மாமாவுடையது. குழி மாமாவின் வீட்டில். ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரம் ஊறி வேலை நின்றால் அந்த நாள்களுக்குக் கூலி இல்லை. நாடாவுக்குள் வைக்கும் நூல் தாரைச் சுற்றியது அத்தையும் பெரிய பெண்ணும். விடியற்காலையில் தெருவில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீட்டக் கைகொடுத்தது பக்கத்து வீட்டார். கூலி மட்டும் ஒரு பெயரில் வரும். முதலாளிக்கு ஷெட் இல்லை, ஷெட்டுக்கு வாடகை இல்லை, விளக்கு எரியும் செலவும் இல்லை. அவையெல்லாம் எமனேஸ்வரத்துக் கூடங்களில் சத்தமில்லாமல் கலந்துபோயின.

மீட்டர் பார்க்க வந்தவர்

இருபத்தைந்து காசு விவகாரம் மனதில் ஓடிக்கொண்டிருந்த அதே வாரத்தில் மின் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வழக்கமாக வருகிறவர் இல்லை, இளைஞர். எங்கள் மீட்டர் மாடிப்படிக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் என் அறை நேராகத் தெரியும். அறுத்த மேசை, அகராதி மேல் கணினி, பிரிண்டர், சுவரில் தேதிகள் குறித்த பெரிய தாள், காதில் ஹெட்போனோடு நான். எண்ணைக் குறித்துக்கொண்டவர் சற்று நின்று, "இங்கே ஆபீஸ் ஏதும் நடக்கிறதா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று ஏற்பட்டது மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். உறவினர், அண்டை வீட்டார், பள்ளிக்கூடத்தில் 'அம்மாவின் தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று தானாகவே எழுதிக்கொண்ட எழுத்தர் என்று எவருக்கும் தெரியாத ஒன்று, முன்பின் அறியாத ஒருவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி "ஆமாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூடத்திலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. "ஆபீஸா? அதெல்லாம் ஒன்றும் இல்லை தம்பி. மருமகள் சும்மா வீட்டில்தான் இருக்கிறாள். பையன் படிக்கிற அறை அது." தம்பி தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அத்தையிடம் நான் எதுவும் கேட்கவில்லை, முகம் கேட்டிருக்க வேண்டும். "ஆபீஸ் என்று நம் வாயால் சொன்னால் கமர்ஷியல் ரேட் போட்டுவிடுவார்கள். உன் ஆபீஸ் உனக்குத் தெரிந்தால் போதும்" என்றார். அவ்வளவுதான், தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார். நான் அசந்து நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இந்த அறையில் நடப்பதை அத்தை வேலையாகவே மதிக்கவில்லை என்று எனக்கொரு மனக்குறை இருந்தது. இப்போது பார்த்தால், இது அலுவலகம் என்பது இந்த வீட்டில் அவருக்குத்தான் திட்டவட்டமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் மறைத்தார். வாடிக்கையாளரும் அத்தையும் சொன்னது ஒரே செய்தி: இங்கே ஆபீஸ் கிடையாது. அத்தை சொன்னால் லாபம் எங்களுக்கு. அவர் சொன்னால் லாபம் அவருக்கு. உண்மை எது என்பதைப் பற்றி இருவருக்குமே குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று ராத்திரி மின்கட்டண விதிகளைத் தேடிப் படித்தேன். அத்தை பயந்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. தொழில்முறையாளர் தம் குடியிருப்போடு சேர்த்து வைத்திருக்கும், 200 சதுர அடிக்கு மிகாத ஆலோசனை அறை வீட்டுக் கட்டணப் பட்டியலிலேயே வருகிறது. நெசவாளர் வீட்டுக் கைத்தறியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்று 2023இல் உயர்த்தினார்கள். அப்போது எல்லா வீட்டுக்கும் இருந்தது 100. என் அறை 72 சதுர அடி. இடையூறு ஒன்றே: ஆலோசனை அறை என்றால் யாராவது ஆலோசனை கேட்டு வர வேண்டும். எழுத்தாளரிடம் கறிவேப்பிலைதான் கேட்கிறார்கள். வருமான வரிக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. என் பில்லில் பத்து சதவீதத்தைத் தொழில்முறைச் சேவை என்று சொல்லித்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு துறைக்கு நான் தொழில்முறையாளர், இன்னொரு துறைக்கு அத்தையின் வாக்குமூலப்படி சும்மா இருக்கிறவள்.

பத்துக் காசு

மறுநாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். வாடகை 14,000 ரூபாய், வீடு 700 சதுர அடி, ஆக சதுர அடிக்கு 20 ரூபாய். 72 சதுர அடிக்கு 1,440. இணையம் 599, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 707 ரூபாய். மடிக்கணினி 54,000, நான்கு ஆண்டு உழைத்தால் மாதம் 1,125. நாற்காலி 9,000, ஐந்தாண்டுக்கு மாதம் 150. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 300. அறையின் மின்சாரம் ஒரு 400 என்று வைத்தேன். கூட்டினால் 4,122. நல்ல மாதத்தில் நாற்பதாயிரம் சொல் செய்வேன். வகுத்தால் சொல்லுக்குப் பத்துக் காசு.

முதலில் சிரிப்பு வந்தது. இல்லாத செலவுக்காக அந்த நண்பர் கேட்ட தள்ளுபடி, இருக்கிற செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எழுதினாலும் இருபத்தைந்து காசு குறைக்க முடியாது. பிறகு சற்று ஏமாற்றமாகவும் இருந்தது. இத்தனை நாள் மனதுக்குள் வளர்த்த கோபத்துக்குப் பத்துக் காசு மிகச் சின்ன எண். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தையும் பெரிய பெண்ணும் சுற்றிய தார் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

என் தாளில் இல்லாதவை இவை. நான் கதவைச் சாத்தினால் அத்தை தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து, பிடித்த தொடரைப் பாதி ஊகத்தில் பார்ப்பது. கூரியருக்குக் கையெழுத்துப் போடுவது. உறவினர் போன் செய்தால் "அவள் குளிக்கிறாள்" என்று பொய் சொல்வது. நான் நாளொன்றுக்கு இத்தனை முறை குளிப்பதாக எங்கள் குடும்பத்தில் பெயர் இருக்கிறது. கெடு நெருங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் பையனை ராஜாஜி பூங்காவுக்கு அழைத்துப்போய்ச் சாயங்காலம் வரை திரும்பாமல் இருப்பது. கவனம் சிதறாமல் எழுத என்ன வழி என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடிய நேர்மையான பதில் இதுதான்: உங்கள் கவனத்தை வீட்டில் வேறு யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள். தனியாக அறை எடுத்து வாழ்கிறவர்களுக்கு அந்த யாரோ இல்லை. அவர்கள் அதைக் காசு கொடுத்தோ தூக்கத்தைக் கொடுத்தோ வாங்குகிறார்கள்.

இதெல்லாம் யாரும் யோசிக்காத விஷயமும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, 177ஆம் எண். அதோடு சேர்ந்த 184ஆம் எண் பரிந்துரை, வேலைக்காக வீட்டில் செலவாகும் மின்சாரம், தண்ணீர், தகவல் தொடர்பு, கருவிப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஈடு தர வேண்டும் என்கிறது. கருவியைச் சரிசெய்யப் போகும் நேரத்துக்கும் சேர்த்துத்தான். இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை. செய்திருந்தாலும் என்னைப் போல் பல பேருக்குச் சுயமாக எழுதுகிறவர்களை அதற்குள் அடக்குவது கடினம். தன் காலில் நிற்கிறவர் என்று கருதத்தக்கவரை அந்த வரையறையே விலக்கி வைத்துவிடுகிறது. எமனேஸ்வரத்து மாமா போன்றவர்களை நினைத்து எழுதியது அது. அவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

நண்பருக்குப் போன் செய்து குறைக்க இயலாது என்றேன். காரணம் கேட்டார். பத்துக் காசுக் கணக்கைச் சொன்னேன், வரி வரியாக. மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பேட்டரிக்குக்கூடவா கணக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்றார். பழைய விலையே தொடரட்டும் என்று முடிந்தது. அதற்குப் பின் வந்த புதிய வேலைகளுக்குப் பதினைந்து காசு கூட்டித்தான் சொல்கிறேன். பத்துக் காசு அறைக்கு, ஐந்து காசு அறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு. ஒரு பதிப்பகம் ஒப்புக்கொண்டது. இன்னொரு நிறுவனம் மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை. அவர்களுக்குச் சொல்லை எண்ணுவதில் எப்போதுமே தகராறுதான், ஆங்கிலத்தை எண்ணுவதா தமிழை எண்ணுவதா, எது குறைவோ அதை.

அந்த ஐந்து காசைப் பற்றி விளையாட்டாக அத்தையிடம் சொன்னேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அது மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டார். புது வேலையாக மாதம் பத்தாயிரம் சொல் வந்தால் ஐந்நூறு ரூபாய் என்றேன். "பழைய ஆளுக்குச் செய்யும்போதும் நான்தானே கூரியர் வாங்குகிறேன்? அதற்கு?" என்றார். ஆயிரத்துக்குக் குறைந்து அவர் இறங்கி வருவதாக இல்லை. அடுத்த மாதம் யாரிடம் விலை ஏற்றுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.